மீட்டர் காட்டுற ஆப்பை நம்பி காசு கட்டலாமா?

கேள்வி: வீட்டுக்குள்ள தொலைஞ்ச போனை ப்ளூடூத் சிக்னல் வச்சு இத்தனை மீட்டர்ல இருக்குன்னு காட்டுற ஆப், வருஷத்துக்கு 1,499 ரூபா. வாங்கலாமா சார்?

பதில்: வேண்டாம். போன்லயே இருக்கிற கண்டுபிடிக்கிற வசதியை ஆன் பண்ணி வைங்க, சைலன்ட்ல கிடந்தாலும் ரிங் அடிக்க வைக்கலாம், பைசா செலவு கிடையாது.

கேள்வி: 'ஜிபிஎஸ் டிராக்கர்'னு போட்டிருந்த டேக்கை 899 ரூபாக்கு வாங்கி அப்பா போன் கவர்ல ஒட்டினேன். போன் பக்கத்து ரூம் சோபா இடுக்குல கிடக்குது, ஆப் 14 மீட்டர்ங்குது. வெளிய எடுத்துட்டுப் போனா ஒண்ணுமே காட்டல. ரிட்டர்ன் கேட்டா "வேலை செய்யுதே"ன்னு முடிச்சிட்டாங்க.

பதில்: உங்க மேல தப்பே இல்லம்மா, இது ஏமாத்து வேலை. நானும் சாவிக்கொத்துக்கு இப்படி ஒண்ணு வாங்கினேன், டப்பா மேல சாட்டிலைட் படம், திறந்தா ஒரு 2032 பட்டன் பேட்டரியும் ப்ளூடூத் சிப்பும்தான். நிஜமான ஜிபிஎஸ் டிராக்கர்னா சிம் வேணும், ரீசார்ஜ் வேணும், அடிக்கடி சார்ஜ் போடணும். இந்த மாதிரி டேக்ல இருக்கிற ப்ளூடூத் சிப் தூரத்தை அளக்கவே இல்ல, வர்ற சிக்னல் எவ்வளவு பலமா இருக்குன்னு மட்டும் பாக்குது, பக்கத்துல இருந்தா மைனஸ் 40, 50 டிபிஎம் (டெசிபெல் கணக்குல சிக்னல் பலம்), தள்ளிப் போகப் போக மைனஸ் 90 வரைக்கும் இறங்கும், அந்த நம்பரைத்தான் ஆப் மீட்டரா மாத்திக் காட்டுது. திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபெல் குறையும், ஆனா உங்க உடம்பு குறுக்க வந்தாலே 10 டெசிபெல் போயிடலாம், உடனே ஆப் மூணு மடங்கு தூரம்னு சொல்லிடும். சுவர், பீரோ, சோபா குஷன் எல்லாம் சேர்ந்தா கேக்கவே வேணாம்.

மீட்டரை விட்டுட்டு அந்த மைனஸ் நம்பரைப் பாருங்க. ஆப் இருக்கிற உங்க போனை நெஞ்சோட ஒட்டிப் பிடிச்சு மெதுவா ஒரு சுத்து திரும்புங்க, எந்தப் பக்கம் திரும்பினா சிக்னல் ரொம்ப இறங்குதோ அப்போ டேக் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்குன்னு வச்சுக்கிட்டு, முதுகு இருந்த பக்கமா நடந்து பாருங்க.

பணத்தை விடாதீங்க. 'ஜிபிஎஸ்'னு போட்டிருக்கிற பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. டப்பாவில பொய்யை அச்சடிச்சு வித்துட்டு வாங்கினவங்களையே குத்தம் சொல்றவங்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.

கேள்வி: பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க ஆப்பிளோட ஏர்டேக் வாங்கிட்டேன். என்னோடது ஆண்ட்ராய்டு போன், கனெக்ட் ஆகல.

பதில்: ஆகாது. ஐபோனோ ஐபேடோ இருந்தாத்தான் செட்டப் பண்ணவே முடியும்னு ஆப்பிளே சொல்லுது. காசு கட்டுறதுக்கு முன்னாடி படிக்கணும், இதே கேள்வி எத்தனை பேர் அனுப்புவீங்க? கடையில ரிட்டர்ன் எடுத்துக்கிட்டா இன்னைக்கே திருப்பிக் குடுங்க.

கேள்வி: பஸ்ல என் போனை அடிச்சிட்டாங்க. ப்ளூடூத் ஸ்கேன் ஆப் போட்டு அந்த ஏரியாவுல தேடலாமா?

பதில்: மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்குங்க, ஆனா அப்படித் தேடிப் போகாதீங்க. போன் தன்னோட ப்ளூடூத் அட்ரஸை, அதாவது ஸ்கேன்ல தெரியிற அடையாளத்தை, அடிக்கடி மாத்திக்கிட்டே இருக்கும், ஸ்கேன்ல தெரியிறது உங்களோடதுதானான்னே சொல்ல முடியாது. முதல்ல பேங்க்குக்கு சொல்லி யுபிஐயை நிறுத்துங்க. ஸ்டேஷன்ல புகார் குடுங்க, அதே நம்பர்ல டூப்ளிகேட் சிம் வாங்குங்க. அப்புறம் மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல ஐஎம்இஐ (போனோட அடையாள நம்பர்) போட்டு பிளாக் பண்ணுங்க, ஓடிபி புது சிம்முக்குத்தான் வரும். ஐஎம்இஐ போன் வந்த டப்பாவிலயோ பில்லுலயோ இருக்கும்.