பின்னக் கணக்கில் திரும்பத் திரும்ப அதே தவறு

மகள் தினமும் நாற்பது பின்னக் கணக்கு போட்டும் தேர்வில் அதே தவறுதான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து எண்ணிக்கையை இன்னும் கூட்டாதீர்கள். தவறான வழியில் நாற்பது முறை போட்டால் அந்த வழிதான் கையில் படியும்.

நீங்கள் காட்டிய விடையைப் பாருங்கள்: 1/2 + 1/3 = 2/5. இது கவனக்குறைவு இல்லை. மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். அவளுக்கென்று ஒரு விதி இருக்கிறது, அது தவறான விதி. சிவப்பு மையில் சுழித்துவிட்டால் அது அவளுக்குப் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, "2/5 பாதியை விடப் பெரிசா, சின்னதா?" என்று மட்டும் கேளுங்கள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தும் பாதிக்கும் குறைவாக எப்படி வந்தது என்று அவளே யோசிப்பாள். அந்த நேரத்தில் விடையைச் சொல்லிவிடாதீர்கள், பொறுங்கள்.

அப்புறம் அதே வகையில் ஐந்து கணக்கு போதும். மறுநாள் இரண்டு. ஒரு வாரம் கழித்து, வேறு கணக்குகளோடு கலந்து இரண்டு.

மதிப்பெண் போடுவதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். 1988-இல் கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், தங்கள் வேலையைப் பற்றிய எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் நன்றாக முன்னேறினார்கள். கூடவே மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அடுத்த முறை அவள் எழுதும் படிகளை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.