டீக்கன் என்றால் பாதி ஃபாதரா?

மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை பெரும்பாலும் டீக்கன்தான்.

தாராவி வாசகர்: பூசையில் ஃபாதர் பக்கத்தில் உடுப்போடு நின்றவர், முடிந்ததும் மனைவி பிள்ளைகளோடு ஸ்கூட்டரில் போகிறார். ஃபாதருக்குக் கல்யாணமா?

அவர் ஃபாதர் இல்லை, நிரந்தரத் திருத்தொண்டர், அதாவது குருவாகாமல் டீக்கனாகவே இருப்பவர். குருவாவதற்கு முந்தின படியாக மட்டுமே சுருங்கிப்போயிருந்த இந்தப் பணியை, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் மணமானவர்களுக்கும் திறந்துவிட்டது. குறைந்தது 35 வயது, மனைவியின் சம்மதம் இரண்டும் வேண்டும். மும்பை உயர்மறைமாவட்டத்தில் இவர்கள் இருக்கிறார்கள். ஊரில் பார்த்திராததால் நம்மவர்களுக்குத் திகைப்பு, அவ்வளவுதான். கூப்பிடும்போது டீக்கன் என்றே கூப்பிடுங்கள்.

கல்யாணம் நடத்திவைப்பவர் பூசை வைக்கக் கூடாதா?

கூடாது. பாவசங்கீர்த்தனம் கேட்பதும், நோயாளிக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலும்கூட அவருக்கு இல்லை. ஞானஸ்நானம், பிரசங்கம், அடக்கச் சடங்கு எல்லாம் உண்டு. ரோமன் கத்தோலிக்கர் பெரும்பாலும் பின்பற்றும் லத்தீன் முறையில் திருமண அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்குவது மணமக்களே. டீக்கன் திருச்சபையின் சார்பில் சாட்சி, அதனால் உரிய அனுமதியோடு நடத்திவைக்கலாம். அப்புறம் இன்னொன்று: மனைவி இறந்துவிட்டால் மறுமணம் கிடையாது. ரோமிலிருந்து விதிவிலக்கு வந்தால்தான் உண்டு. சம்மதக் கையெழுத்துப் போடும் மனைவிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பேன்.

செம்பூர் வாசகி: திருநெல்வேலியில் டீக்கனாக வந்தவர் சீக்கிரமே ஐயர் (சபைக் குரு) ஆகிவிட்டார். மாமனார் வீட்டு பாப்டிஸ்ட் சபையிலோ பேங்க் வேலை பார்ப்பவர் வருஷக்கணக்காக டீக்கன். எது சரி?

இரண்டும் சரி. தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) டீக்கன் பட்டம் பெற்றவர் பெரும்பாலும் குருப்பட்டத்தை நோக்கிப் போகிறவர். அதுவரை தனியாகத் திருவிருந்து நடத்த மாட்டார். பாப்டிஸ்ட் சபைகளில் சபையார் தேர்ந்தெடுக்கும் விசுவாசிதான் டீக்கன்.

முதல் டீக்கன் ஸ்தேவானா?

மரபு அப்படிச் சொல்கிறது. பைபிளில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரமோ, பந்தி பரிமாறத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான் உட்பட ஏழு பேரையும் டீக்கன் என்று எங்கும் அழைக்கவில்லை. எனக்கு அந்தப் பட்டத்தைவிட அங்கே நடந்த தகராறுதான் முக்கியம். தினசரி சாப்பாட்டுப் பங்கீட்டில் கிரேக்கம் பேசிய விதவைகள் விடுபட்டார்கள். வேற்று பாஷைக்காரர் என்பதால் ரேஷன் வரிசையில் ஓரங்கட்டப்பட்ட கதை. மும்பைத் தமிழனுக்கு விளக்க வேண்டுமா என்ன? சபை தேர்ந்தெடுத்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். முறையிட்டவர்களின் பக்கத்திலிருந்தே பரிமாற ஆள் எடுத்தார்கள் போலும். டீக்கனைப் பாதி ஃபாதராக அளப்பவர்கள் இந்தப் பந்தியை மறந்துவிடுகிறார்கள்.

பெண்கள் டீக்கன் ஆகலாமா?

தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஐயராகவே இருக்கிறார்கள். கத்தோலிக்கத்தில் இல்லை; ஆராய்வதற்குப் போப் பிரான்சிஸ் 2016இலும் 2020இலும் குழு அமைத்தார். ரோமர் 16:1இல் பெபேயாள் என்ற பெண்ணைப் பவுல் குறிப்பிடும் கிரேக்கச் சொல் 'தியாகொனோஸ்'. அதே சொல் 1 தீமோத்தேயு 3இல் ஆண்களுக்கு வரும்போது பழைய தமிழ் வேதாகமம் 'உதவிக்காரர்' என்கிறது; பெபேயாளுக்கோ 'ஊழியக்காரி'. நம் மொழிபெயர்ப்பாளர்கள் கொஞ்சம் சறுக்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கூட்டத்தில் டீக்கனை எப்படி அடையாளம் காண்பது?

ஃபாதரின் தோள்துண்டு இரண்டு தோளிலிருந்தும் நேராகத் தொங்கும். டீக்கனுடையது இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்கே போகும்.