முதலில் பையனின் தவறுகளைப் படியுங்கள்

கேள்வி: நான்கு மாதமாக என் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஆறு. மகன் ஆங்கிலக் கதைப் புத்தகங்களைத் தடையில்லாமல் வாசிக்கிறான். எழுதச் சொன்னால்தான் ஸ்பெல்லிங் எல்லாம் தப்பு. தனியாக ஒரு ஸ்பெல்லிங் பாடத்திட்டம் வாங்கலாம் என்று தேடினால் ஆசிரியர் கையேடு, பயிற்சி நூல், எழுத்து வில்லை, அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. ஒருவர் சம்பளத்தில் ஓடுகிற வீடு. தப்பானதை வாங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நேற்று அவனுக்கு வைத்த டிக்டேஷன் தாளையும் அனுப்பியிருக்கிறேன். எதை வாங்கட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை ஒரு முறை படித்தேன். அந்த டிக்டேஷன் தாளை நாலு முறை படித்தேன். இருபது சொல் சொல்லியிருக்கிறீர்கள், ஏழு தப்பு. சிவப்பு மையில் ஏழு சுழி போட்டு, மேலே பதின்மூன்று என்று மார்க்கும் போட்டுவிட்டீர்கள். அந்த மார்க்கை மறந்துவிட்டு, சுழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை சேர்ந்து பார்ப்போமா? எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

‘ரன்னிங்’ என்ற சொல்லை ஒரே ஒரு ‘என்’ போட்டு எழுதியிருக்கிறான். ‘சிட்டிங்’கிலும் ஒரே ஒரு ‘டீ’. ஆனால் ‘ரெயினிங்’ சரி. இரட்டிக்க வேண்டிய இடம், கூடாத இடம் இரண்டையும் அவன் பிரித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்த விதி உங்களுக்குப் புதிதில்லை. ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்று நன்னூலில் படித்திருப்பீர்கள். கல் + இல், கல்லில். கால் + இல், காலில். குறிலுக்குப் பின் ஒற்று இரட்டும், நெடிலுக்குப் பின் இரட்டாது. ‘ரன்’ குறில் மாதிரி, அதனால் ரன்னிங். ‘ரெயின்’ நெடில் மாதிரி, அதனால் ரெயினிங். நாம் தமிழில் எழுதும்போதே கை தானாக ஒன்றில் ‘ன்’னை இரட்டிக்கிறது, மற்றதில் இரட்டிப்பதில்லை, பாருங்கள்! கல்லையும் காலையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் எழுதிக் காட்டுங்கள். பத்து நிமிடப் பாடம். ஈரசை, மூவசைச் சொற்களுக்கு அழுத்தம் எங்கே விழுகிறது என்ற கணக்கும் சேரும், அது அடுத்த வருடத்துக்கு.

‘ஹேவ்’, ‘கிவ்’ இரண்டிலும் கடைசி ‘இ’யை விட்டிருக்கிறான். காதில் விழாததை அவன் எப்படி எழுதுவான்? ஆங்கிலச் சொல் ‘வி’ என்ற எழுத்தில் முடிய விரும்பாது, துணைக்கு ஒரு ‘இ’ வைத்துக்கொள்ளும் என்று ஒரு வரி சொன்னால் போதும். இரண்டு சுழி போயிற்று.

‘ஜம்ப்ட்’ என்பதை ஜே-யூ-எம்-பி-டீ என்று எழுதியிருக்கிறான். எனக்கு அவன் மீது மரியாதையே வந்துவிட்டது. காதில் விழுந்ததை அட்சரசுத்தமாக எழுதியிருக்கிறான்! முடிந்துபோன செயலுக்கு ‘இ-டி’ என்ற வால், அது ‘டீ’ எழுத்தின் ஒலியில் விழுந்தாலும் ‘டி’ எழுத்தின் ஒலியில் விழுந்தாலும் எழுதுவது ஒன்றே என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. ‘செட்’ என்பதை எஸ்-இ-டி என்று எழுதியதும் அதே நேர்மைதான். இதற்கும் ஒரு உறவுமுறை உண்டு: ‘சே’யிலிருந்து வந்தது ‘செட்’, ‘பே’யிலிருந்து ‘பெய்ட்’, ‘லே’யிலிருந்து ‘லெய்ட்’. மூன்றிலும் ஒய் போய் ஐ வந்திருக்கிறது. எழுத்து ஒழுங்காகத்தான் இருக்கிறது, முதல் சொல்லின் உச்சரிப்பு மட்டும் காலப்போக்கில் நழுவிவிட்டது.

ஏழாவது வேறு ஜாதி. நீங்கள் சொன்னது ‘பெரிய’ என்ற பொருள் தரும் ‘பிக்’. அவன் எழுதியது பன்றி. இந்த வரியையே பாருங்கள், தமிழில் இரண்டையும் நான் ‘பிக்’ என்றுதான் எழுத முடியும். நமக்கு ஒரே ‘ப’, ஆங்கிலத்துக்கு அங்கே இரண்டு ஒலி. ட, க இரண்டிலும் இதே சங்கடம். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளின் ஸ்பெல்லிங் தப்புகளில் ஒரு பங்கு காதில் ஆரம்பிக்கிறது. இதற்கு எந்தப் பயிற்சி நூலும் உதவாது. தொண்டையில் விரலை வைத்து இரண்டு ஒலியையும் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றில் அதிரும், இன்னொன்றில் அதிராது. ஒரு வாரம் விளையாட்டாகச் செய்தால் பிடித்துக்கொள்வான்.

ஆக, ஏழு தப்பு, தெரியாத விஷயம் ஐந்து. அவனுக்கு ஞாபகசக்தி குறைவில்லை, கவனக்குறைவும் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போங்கள்.

சந்தையில் இருப்பவை பெயரளவில் நூறு, வகையில் நாலுதான். முதல் வகை, வாரப் பட்டியல்: திங்கள் பத்துச் சொல், வெள்ளி பரீட்சை. விலை குறைவு, அம்மாவுக்கு வேலையும் குறைவு. ஆனால் காரணம் சொல்லாமல் பட்டியல் மட்டும் தருகிற நூல் என்றால் வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து வாங்குவான், அடுத்த செவ்வாய் கதை எழுதும்போது அதே சொல்லைத் தப்பாக எழுதுவான். உங்கள் மகனுக்கு இது வேண்டாம்.

இரண்டாவது, ஒலியையும் விதியையும் படிப்படியாகக் கட்டுவது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் 1930களில் வகுத்த முறையிலிருந்து கிளைத்தவை இவற்றில் பல. வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறை, எல்லோருக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி சுமார் 44. அந்த இடைவெளியை எந்தெந்த எழுத்துக்கூட்டு நிரப்புகிறது என்று இது ஒவ்வொன்றாகச் சொல்லித்தரும். மேலே நாம் பிரித்துப் பார்த்தோமே, அதே வேலைதான். உங்கள் மகனுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, நல்ல உரைநடையில் ஒரு பத்தியைப் பார்த்துத் தயாராகி, பிறகு சொல்லக் கேட்டு எழுதுவது. நான்காவது, ஒரே வேர்ச்சொல்லின் குடும்பத்தை வளர்த்துக்கொண்டே போவது. மூன்றாவதுக்குப் பணமே வேண்டாம், வீட்டில் இருக்கிற கதைப் புத்தகம் போதும். இரண்டாவதோடு வாரத்துக்கு ஒரு நாள் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்காவதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இனி பணம். நான் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்தவளுக்கு ஆறரை வயதில், தள்ளுபடி என்று மயங்கி, ஒரு பாடத்திட்டத்தின் மூன்று நிலைகளை ஒன்றாக வாங்கினேன். முதல் நிலை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது. இரண்டாவதில் பாதியில் நான் களைத்துப்போனேன். மூன்றாவதின் பிளாஸ்டிக் உறையை நாங்கள் பிரிக்கவே இல்லை. எழுத்து வில்லைகளில் இரண்டு ‘இ’ சோபாவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. ‘இ’ இல்லாமல் ஆங்கிலத்தில் எத்தனை சொல் எழுதிவிட முடியும்? கடைசியில் காலண்டர் அட்டையை வெட்டி நானே எழுத்து எழுதினேன். அதுதான் கடைசிவரை உழைத்தது.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிலை. எந்த நிலை என்பதை வயதைப் பார்த்தோ, அவன் வாசிக்கும் வேகத்தைப் பார்த்தோ தீர்மானிக்காதீர்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளை ஸ்பெல்லிங்கில் இரண்டு படி கீழே இருப்பது சகஜம். வாசிக்கும்போது சொல்லைக் கண்டு இனம் புரிந்துகொண்டால் போதும், எழுதும்போது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வரவழைக்க வேண்டும். பல பதிப்பகங்கள் நிலை அறியும் தேர்வை இலவசமாகவே தருகின்றன. அதை வைத்துப் பாருங்கள், கீழ் நிலை வந்தால் கூச்சப்படாமல் அதையே வாங்குங்கள்.

விலைப் பட்டியலில் நீங்கள் பார்க்க வேண்டியது எழுதித் தீர்ந்துபோகிற பக்கம் எவ்வளவு என்பதை. பயிற்சி நூலில்தான் எழுத வேண்டும் என்றால் மகளுக்கு மறுபடி வாங்க வேண்டும். ஆசிரியர் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு நோட்டில் எழுத முடிகிற திட்டம் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே செலவு. ரொமால்டா ஸ்பால்டிங் 1957இல் எழுதிய ‘ரைட்டிங் ரோடு டு ரீடிங்’ அப்படிப்பட்ட ஒற்றை நூல், தனி எழுத்தும் எழுத்துக்கூட்டுமாக 70 ஒலிக்குறிகளை வைத்து எழுத்தையும் வாசிப்பையும் சேர்த்தே நடத்துவது. ஆனால் அம்மா முதலில் உட்கார்ந்து படித்தாக வேண்டும், திறந்த உடனே நடத்த முடியாது. அதற்கு நேரமில்லை என்றால் ‘இன்று இதைச் சொல், இதைச் செய்’ என்று வரிவரியாக எழுதித் தருகிற கையேடுகளுக்குப் போங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நான்கு மாத அனுபவத்தில் இருக்கிற உங்களுக்கு அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை. அட்டை, வில்லை, பெட்டி இவற்றில் மிச்சம் பிடியுங்கள். பழைய புத்தகமாக வாங்கினால் கையேடும் பயிற்சி நூலும் ஒரே பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பக்க எண்ணைத் தேடியே பாட நேரம் போய்விடும்.

இலவசமாகக் கிடைப்பதை வைத்து ஓட்ட முடியுமா? முடியும், உழைப்பு கூடும். அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட ஸ்பெல்லிங் நூல், நீல அட்டைக்காரர் என்று பெயர் வாங்கியது, காப்புரிமை முடிந்து எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டது. அசை அசையாகப் பிரித்துக்கொடுக்கும் அழகுக்காக இன்றும் சிலர் எடுக்கிறார்கள். எட்டு வயதுப் பையனுக்கு அதன் வாக்கியங்கள் தாத்தா உபதேசம் போல இருக்கும். எட்வர்ட் டால்ச் 1936இல் தொகுத்த 220 அடிக்கடி வரும் சொற்கள் எங்கும் கிடைக்கும். அவற்றில் உங்கள் மகன் எதை எதைத் தப்பாக எழுதுகிறான் என்று இந்த மாதம் சோதியுங்கள், அது உதவும்.

வெப்ஸ்டர் பெயர் வந்ததால் ஒன்று. ‘கலர்’ என்ற சொல்லில் அமெரிக்கர்கள் ‘யூ’வை விட்டுவிட்டது பெரும்பாலும் இவருடைய பிடிவாதத்தால்தான். வீட்டுக் கல்விக்கான திட்டங்களில் நிறைய அமெரிக்காவில் தயாரானவை. பையன் பின்னால் எழுதப்போகிற பரீட்சை பிரிட்டிஷ் முறை என்றால் பாடம் வரும் அன்றே அந்தச் சொல்லைத் திருத்திக்கொடுத்துவிடுங்கள். இதற்காக ஒரு நல்ல திட்டத்தை ஒதுக்க வேண்டாம்.

நடத்தும் முறையில் ஒன்றே ஒன்று. தினம் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் வேண்டாம். தப்பான சொல்லைப் பத்து முறை எழுது என்று இம்போசிஷன் கொடுக்காதீர்கள், நாலாவது முறைக்குமேல் எழுதுவது கை மட்டும்தான். ஒரு சின்ன நோட்டில் அவன் தப்பு விட்ட சொற்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, பார்த்து, மூடி, எழுதி, தானே திருத்தச் சொல்லுங்கள். அதே சொல்லை மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். இடைவெளி விட்டுக் கேட்டால்தான் நிற்கும் என்பதை ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்திருக்கிறார்.

இப்படி மூன்று, நான்கு மாதம் ஒழுங்காக நடத்திய பிறகும் ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதினால், வாசிப்பும் தேங்கினால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று அதற்கான நிபுணரிடம் காட்டுங்கள். உங்கள் கற்பித்தலில் குறை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தாளில் அப்படி எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் அவளுக்கும் சேர்த்துத்தான் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஆறு வயதுக்குத் தனி ஸ்பெல்லிங் பாடம் தேவையில்லை. அவளுக்கு நீங்கள் நடத்துகிற ஒலிவழி வாசிப்புப் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள், ஒலியைச் சொன்னால் எழுத்தை எழுதும் பயிற்சி அதிலேயே இருக்கும். அண்ணன் தொண்டையில் விரல் வைத்து விளையாடும்போது இவளும் பக்கத்தில் உட்காரட்டும்.