சபை வேலையா, சபைக்குள் ஒரு வேலையா?

பாலையூற்றிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் மகளைப் பற்றிய கவலை. விஷயம் கடைசி அரைப்பக்கத்தில்தான் இருந்தது. மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்து மூன்று வருடம். தெரிந்த உள்ளூராட்சி சபை உறுப்பினர் ஒருவர், "வருமானப் பகுதியில ஆள் காணாது, பிள்ளைய வரச் சொல்லுங்கோ, பிறகு நிரந்தரமாக்குவம்" என்றிருக்கிறார். மகளோ கிளார்க் வேலைக்கான முகாமைத்துவ சேவைப் பரீட்சைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறா. "கைக்கு வந்த அரசாங்க வேலையைப் பரீட்சையை நம்பி விடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

அது அரசாங்க வேலைதானா என்பதை முதலில் பார்ப்போம்.

சபைக் கட்டடத்துக்குள் இருந்து வேலை செய்கிற எல்லோரும் ஒரே வகை ஊழியர் இல்லை. அடுத்தடுத்த கதிரையில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் மாகாணப் பொதுச் சேவை உத்தியோகத்தராக இருப்பார். மற்றவர் அமைய (casual) அடிப்படையில் நாட்சம்பளத்துக்கு வருபவராக இருப்பார். சோலைவரி கட்ட வரிசையில் நிற்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது, இருவரும் ஒரே மாதிரித்தான் பற்றுச்சீட்டு எழுதுவார்கள். சம்பள நாளில்தான் தெரியும். அதைவிட, ஒருவருக்குச் சுகமில்லாமல் போகிற மாதத்தில் நன்றாகத் தெரியும்.

நம்முடைய திருகோணமலை நகர சபை இப்போது மாநகர சபை. 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இருந்தது, 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது. தலைவர் இருந்த இடத்தில் முதல்வர் (மேயர்), செயலாளர் இருந்த இடத்தில் ஆணையாளர். பட்டினமும் சூழலும், குச்சவெளி, மூதூர் போன்ற பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். பெயரும் பதவியும் மாறுகின்றன. ஆனால் ஊழியர் விடயத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறொரு சட்டம்: 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம். மாகாணப் பொதுச் சேவையில் ஆட்களை நியமிப்பது, இடமாற்றுவது, விலக்குவது, ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது எல்லாவற்றையும் அது ஆளுநரின் கையில் வைத்திருக்கிறது. அவர் அதை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கலாம். கிழக்கில் அந்த ஆணைக்குழு இயங்குவது நம்முடைய ஊரில்தான்.

அந்த வரிசையில் உறுப்பினர் எங்கே வருகிறார்? எங்கேயும் வரமாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்ததும் உறுப்பினர்கள் வீட்டுக்குப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் நடந்து புதியவர்கள் வரும்வரை சபைகளைச் செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் கொண்டு நடத்தினார்கள். குப்பை வண்டி வந்தது, சோலைவரியும் அறவிட்டார்கள். நிரந்தர ஊழியருக்கு ஒன்றும் ஆகவில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாய்ப்பேச்சை நம்பி இருந்தவர்கள்தான் அந்த இரண்டு வருடமும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

சரி, மகள் கையில் ஒரு கடிதம் தருகிறார்கள் என்று வையுங்கள். அதில் முதலில் கையொப்பத்தைப் பாருங்கள். கடிதம் ஆணைக்குழுவின் பெயரிலோ, ஆணைக்குழு அதிகாரம் ஒப்படைத்த அலுவலரின் பெயரிலோ வந்திருக்க வேண்டும். அடுத்து, ஓய்வூதியம் பற்றி என்ன எழுதியிருக்கிறது, "இப்பதவி நிரந்தரமானது" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் அது வேறு வகைக் கடிதம். பிறகு சேவையின் பெயர், வகுப்பு, சம்பள அளவுத்திட்டத்தின் குறியீடு. "மாதம் இவ்வளவு" என்று வெறும் தொகையோ, "நாளொன்றுக்கு இவ்வளவு" என்றோ மட்டும் இருந்தால், வருடாந்தச் சம்பள ஏற்றம் என்ற ஏணி அங்கே இல்லை என்று அர்த்தம். தகுதிகாண் காலம் எத்தனை வருடம் என்றும் பாருங்கள். வழக்கமாக 3 வருடம். "தகுதிகாண்" என்ற சொல்லைக் கண்டு பெற்றோர் பயப்படுகிறார்கள். உண்மையில் அந்தச் சொல் இருப்பது நல்ல சகுனம், நிரந்தரப் பதவிக்குத்தானே தகுதிகாண் காலம் வைப்பார்கள்.

அமைய ஊழியருக்கு உரிமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 8 வீதம், சபை 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குச் சபை மேலும் 3 வீதம். இது சட்டம், சபை செய்யும் உபகாரம் இல்லை. மகள் போவதென்று முடிவெடுத்தால் முதல் மாதமே அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டுப் பல வருடம் கழித்துத் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஆனால் இப்படிப் போனவர்கள் நிரந்தரமானார்களே" என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனார்கள். 2014இல் 25/2014 என்று ஒரு பொது நிர்வாகச் சுற்றுநிருபம் வந்தது. குறிப்பிட்ட ஒரு திகதிக்குள் 180 நாள் வேலை செய்திருந்த தற்காலிக, அமைய, ஒப்பந்த ஊழியர்கள் பலர் அதனால் உள்ளே வந்தார்கள். இன்றைக்கும் டீக்கடைப் பேச்சில் அந்த 180 நாள் ஒரு நிரந்தர விதி மாதிரி உலாவுகிறது. அது அன்றைய திகதிக்குத் திறந்த ஒரு கதவு, ஐயா. அடுத்தது எப்போது திறக்கும், திறக்குமா என்று யாரும் எழுதித் தரமுடியாது. அனுமதிக்கப்பட்ட ஆளணியில் வெற்றிடம் இல்லாமல், ஆட்சேர்ப்புத் திட்டத்தில் சொன்ன தகுதியும் இல்லாமல் ஒருவரை நிரந்தரமாக்க ஆணையாளர் விரும்பினாலும் முடியாது. பிறகு கணக்காய்வு வந்து அவரிடமே விளக்கம் கேட்கும்.

இப்போது மகள் சொல்கிற வழி. முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் என்பது நாங்கள் முன்பு கிளார்க் என்று சொன்ன பதவிதான். மாகாணத்துக்கான போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும்போது சாதாரண தரத் திறமைச் சித்திகள், உயர்தரப் பெறுபேறு, வயது எல்லை எல்லாவற்றையும் அறிவித்தலில் போடுவார்கள். அறிவித்தலைத்தான் வாசிக்க வேண்டும், ரியூசன் சேர் சொன்னதை அல்ல. பரீட்சை ஒவ்வொரு வருடமும் வராது. வருகிற வருடத்தில் வயது தாண்டியிருந்தால் அழுதும் பயனில்லை. உங்கள் மகளுக்கு 22 என்று எழுதியிருக்கிறீர்கள், அவசரம் இல்லை, ஆனால் தூங்கவும் முடியாது.

உள்ளே போன பிறகு படிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இதில் என் சொந்தக் கதை ஒன்று. நானும் ஒரு சபையில் கிளார்க்காகத் தொடங்கியவன். முதலாவது வினைத்திறமைகாண் தடைதாண்டல் பரீட்சைக்கான (சேவையில் இருப்பவர்கள் குறித்த காலத்துக்குள் சித்தியடைய வேண்டிய பரீட்சை) அறிவித்தல் ஒரு கோவைக்குள் கிடந்து, முடிவுத் திகதி போன பிறகுதான் என் மேசைக்கு வந்தது. "அடுத்த முறை எழுதலாம் தம்பி" என்றார் மேலதிகாரி. அடுத்த முறை வர இரண்டு வருடம் போனது. அதற்குள் சம்பள ஏற்றம் தள்ளிப்போனது, எனக்குப் பிறகு சேர்ந்த பிள்ளை மூப்பில் எனக்கு முன்னே போனா. தவறு அலுவலகத்தினது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் இழந்தது நான்தான். அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்கிறேன்: பரீட்சைத் திகதியை நீங்களே தேடுங்கள், அலுவலகம் சொல்லும் என்று இருக்காதீர்கள்.

இரண்டாவது, சிங்களம். 2007 ஜூலை 1க்குப் பிறகு சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 07/2007 சுற்றுநிருபம் விதித்தது. கால எல்லையும் தேர்ச்சி மட்டமும் நியமனக் கடிதத்தில் இருக்கும். நம்முடைய பிள்ளைகள் சந்தையில் சிங்களம் பேசுவார்கள், எழுதத் தெரியாது. எழுத்துப் பரீட்சையில் அங்கேதான் இடறுகிறது. போட்டிப் பரீட்சைக்குக் காத்திருக்கும் இந்த மாதங்களில் எழுத்தைப் படித்து வைத்தால் பின்னால் சேவையில் உறுதிப்படுத்தும் நேரத்தில் ஓட வேண்டியதில்லை. கந்தளாயிலோ சேருவிலவிலோ நியமனம் கிடைத்தால் முதல் நாளே கைகொடுக்கும்.

தாபன விதிக்கோவையை (அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பு) தமிழில் எடுத்து மூன்று அத்தியாயம் மட்டும் புரட்டச் சொல்லுங்கள். 12ஆம் அத்தியாயம் லீவு: வருடத்துக்கு அமைய லீவு 21, ஓய்வு லீவு 24. 47 நடத்தை, 48 ஒழுக்காற்று. எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது திருட்டிலோ லஞ்சத்திலோ இல்லை, சொல்லாமல் நிற்பதில். லீவு அனுமதி இல்லாமல் வராவிட்டால் பதவியை விட்டு நீங்கியதாகக் கருதிக் கடிதம் போடலாம். வெளிநாட்டு விசா வந்ததும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்காமல் விமானம் ஏறியவர்கள், திரும்பி வந்து கேட்டபோது கோவையில் அந்தக் கடிதத்தின் பிரதிதான் இருந்தது.

சபை என்றால் கிளார்க் மட்டும் இல்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர், நூலகர், வருமானப் பரிசோதகர், சாரதி என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்சேர்ப்புத் திட்டம் இருக்கிறது. வர்த்தகம் படித்த பிள்ளைக்கு நம்மூர் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் கணக்கியல் டிப்ளோமாவும் ஒரு வழி, சபை கிடைக்காவிட்டாலும் அது வீண்போகாது.

என்னுடைய முடிவைக் கேட்டால், பரீட்சைதான். வீட்டில் காசு நெருக்கடி என்று நீங்கள் எழுதாமல் எழுதியிருப்பதும் விளங்குகிறது. அப்படியானால் போகட்டும், ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று இப்போதே வீட்டில் பேசி முடிவெடுங்கள். வருமானப் பகுதியில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. மாலை 5 மணிக்குப் பிறகு புத்தகம் திறக்கிற நிலையில் பிள்ளை வீடு வர வேண்டும், அவ்வளவுதான். நிரந்தரமாக்குவதற்கு என்று யாராவது காசு கேட்டால் அன்றைக்கே நின்றுவிடச் சொல்லுங்கள்.

கடிதம் கிடைத்ததும் படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்க்கிறேன். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எல்லோரும் முன்பக்கத்தை மட்டும்தான் அனுப்புகிறார்கள், நிபந்தனைகள் பின்பக்கத்தில் இருக்கும்.