கொள்ளுத்தாத்தா காலத்து நிலம் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: தமிழ்நாட்டில் எங்கள் சொந்த ஊரில் நஞ்சை, புஞ்சை, தோப்பு என்று பெரிய சொத்து நாலு தலைமுறையாகக் குடும்பத்தில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவுக்கு அது எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்:

முதலில் பெயரை விட்டுவிட்டு சர்வே எண்ணைப் பிடியுங்கள். நம் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உண்டு. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் 1890-இல் இருந்தவரும் 1940-இல் இருந்தவரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். எந்தப் பத்திரத்திலும் பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேடலுக்கு இரண்டு இழை உண்டு. ஒன்று வருவாய்த் துறைக் கணக்கு, மற்றொன்று பதிவுத் துறைப் பத்திரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்னோக்கிப் போக வேண்டும். பட்டா யார் பெயரில் இருந்தது, யார் தீர்வை (நிலவரி) கட்டினார் என்பது வருவாய்க் கணக்கில் தெரியும். அவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்பதைப் பத்திரம்தான் சொல்லும்.

வருவாய்க் கணக்கில் இன்றைய சிட்டா (பட்டாதாரர் வாரியான நிலக் கணக்கு), 'அ' பதிவேடு (சர்வே எண் வாரியான கணக்கு) ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முந்தைய படி 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் பதிவேடு, சுருக்கமாக யுடிஆர். ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர்ஸ் வந்தது அப்போதுதான். ஒரு ஏர்ஸ் ஏறக்குறைய 2.47 சென்ட். உட்பிரிவு எண்கள் மாறியதும், பக்கத்துக்காரர் பெயர் ஏறியதும், அண்ணன் தம்பி பெயர்கள் கூட்டுப் பட்டாவில் விழுந்ததும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஆகவே யுடிஆரில் உங்கள் தாத்தா பெயர் இல்லை என்றால் நம்பிக்கை இழக்க வேண்டாம், அதற்கு முந்தைய பதிவேட்டைப் பாருங்கள். அது தீர்வையை மறுபடி நிர்ணயித்தபோது எழுதிய ரீசெட்டில்மெண்ட் ரிஜிஸ்டர், சுருக்கமாக ஆர்எஸ்ஆர். அதில் புதிய எண்ணுக்கு எதிரே பழைய சர்வே எண் இருக்கும். அந்த எண்ணோடு பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டருக்குப் போனால் பல மாவட்டங்களில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைத் தொட்டுவிடலாம். அதற்கும் முந்தியது பைமாஷ் (பழங்கால நில அளவை) எண். இந்தப் பதிவேடுகளின் நகலுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் மனுக் கொடுக்க வேண்டும். மனுவில் இன்றைய வட்டத்தின் பெயர் மட்டும் போதாது, பழைய தாலுகா, பழைய ஜில்லா பெயரும் வேண்டும். 1985-இல் மதுரையிலிருந்து திண்டுக்கல் பிரிந்தது, 1986-இல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி பிரிந்தது. பழைய பதிவேடு தாய் மாவட்டத்திலேயே தங்கியிருக்கலாம். குக்கிராமத்தின் பெயரை எழுதினாலும் தேட மாட்டார்கள், வருவாய்க் கிராமத்தின் பெயர் தேவை.

பத்திரப் பக்கம் வில்லங்கச் சான்றில், அதாவது சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலில், தொடங்கும். இணையத்தில் பெரும்பாலும் 1975 வாக்கில் நின்றுவிடும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கையால் எழுதிய அட்டவணைகளைத் தேடச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு எல்லாம் போதாது, கிடைக்கிற தொடக்க ஆண்டிலிருந்து கேளுங்கள். பழைய சர்வே எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். புதிய எண்ணை மட்டும் கொடுத்து 'வில்லங்கம் இல்லை' என்று பதில் வாங்கித் திரும்புகிறவர்கள் ஏராளம். ஊர் எந்த ஆண்டில் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது என்றும் கேட்டுவிடுங்கள்.

கிடைத்த ஒவ்வொரு பதிவுக்கும் சார்பதிவகத்தின் 1 புத்தகத்திலிருந்து (அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கான பதிவேடு) சான்றிட்ட நகல் வாங்குங்கள். 1 புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம். உயில்கள் 3 புத்தகத்தில் இருக்கின்றன, எழுதியவர் இறந்த பிறகு அவற்றின் நகலையும் கேட்கலாம். உயிலும், பதியாத கூர்சீட்டும் (பாகப் பட்டியலும்), வாய்மொழிப் பாகமும் வில்லங்கச் சான்றில் வராது. 1920-க்குப் பிறகு ஒன்றுமே இல்லை, 1955-இல் திடீரென்று வேறொருவர் விற்கிறார் என்றால் நடுவில் பாகம் பிரிந்திருக்கிறது என்று கொள்ளலாம். 1960-களில் ஒரே வீட்டில் செட்டில்மெண்ட் (உறவினருக்கு எழுதிக் கொடுப்பது), பாகப்பிரிவினைப் பத்திரங்கள் கொத்தாக வந்தால் 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என்று வந்தபோது பல குடும்பங்கள் அவசரமாகப் பிரித்து எழுதிக்கொண்டன.

பத்திரத்தில் பலரும் தபசிலை (சொத்து விவரப் பட்டியலை) மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். உங்கள் கேள்விக்கான விடை அதற்கு மேலே, பாத்தியம் வந்த விதம் சொல்லும் வரியில் இருக்கிறது. 'என் தகப்பனார் இன்ன வருஷம் இன்ன நம்பர் கிரயப் பத்திரப்படி சுயார்ஜிதமாய் (சொந்தச் சம்பாத்தியமாய்) வாங்கி' என்று இருந்தால் அடுத்த பத்திரத்தின் எண்ணே கையில் கிடைத்துவிடுகிறது. 'பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு' (முன்னோர் வழியாய் வந்தது) என்று மட்டும் இருந்தால் இன்னும் ஒரு தலைமுறை மேலே போக வேண்டும். 'ஒத்தி', 'போக்கியம்', 'ஈடு' என்ற அடமானச் சொற்களைக் கவனியுங்கள். கடன் கொடுத்த வகையில் கைக்கு வந்து, மீட்கப்படாமல், பிறகு கிரயமாக மாறிய நிலங்கள் மிகுதி. கோர்ட் ஏலத்தில் எடுத்த சொத்தின் விற்பனைச் சான்றும் 1 புத்தகத்தில் கோக்கப்பட்டிருக்கும்.

நான்கெல்லையை வாசிப்பதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. 'முத்தையா புஞ்சைக்குக் கிழக்கு' என்றால் முத்தையா நிலம் நமக்கு மேற்கே இருக்கிறது என்று பொருள். தலைகீழாகப் படித்தால் வேறொரு நிலத்தில் போய் நிற்பீர்கள். இதே எல்லைதான் சங்கிலி அறுந்த இடத்தில் கைகொடுக்கும். உங்கள் பத்திரம் தொலைந்திருந்தால் பக்கத்து நிலத்தின் பழைய பத்திரத்துக்கு நகல் போடுங்கள். அதன் எல்லையில் 1905-இல் உங்கள் கொள்ளுத்தாத்தா பெயரும் 1898-இல் வேறொருவர் பெயரும் இருந்தால், கை மாறிய காலம் ஏழாண்டுக்குள் அடங்கிவிட்டது.

தேதிகளில் பசலி (வருவாய்க் கணக்கு) ஆண்டோடு 590 கூட்டுங்கள்: பசலி 1330 என்பது 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. தமிழ் ஆண்டு அறுபதுக்கு ஒரு முறை திரும்பும். 'ரௌத்திரி' என்று மட்டும் இருந்தால் அது 1860-ஆகவும் இருக்கலாம், 1920-ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் உள்ள அரசர் தலையைப் பார்த்தாலே தீர்ந்துவிடும். அளவு மாவில் இருந்தால் ஒரு மா சுமார் 33 சென்ட், காணியில் இருந்தால் சுமார் 1.32 ஏக்கர்.

ஊர் ஜமீனில் இருந்ததா, இனாமில் (மானியமாகக் கொடுத்த நிலம்) இருந்ததா, ரயத்துவாரியா (சாகுபடியாளர் சர்க்காருக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் முறை) என்பதைத் தொடக்கத்திலேயே விசாரித்துவிடுங்கள். ஜமீன் கிராமங்களில் சர்க்கார் பட்டாவே 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. அங்கே செட்டில்மெண்ட் லேண்ட் ரிஜிஸ்டரையும் செட்டில்மெண்ட் தாசில்தாரின் உத்தரவையும் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி பட்டா கிடைத்திருந்தால் உங்கள் முன்னோர் அங்கே சாகுபடி உரிமையுள்ள ரயத்து. 12-ஆம் பிரிவு என்றால் ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலமாக இருந்திருக்கிறது. அதற்கு முந்தைய விவரத்தை ஜமீன் கணக்குகளில்தான் தேட வேண்டும், அவை எல்லா இடத்திலும் தப்பிப் பிழைக்கவில்லை.

இனாம் நிலம் என்றால் மற்ற எவரையும்விட நீங்கள் ஆழமாகப் போக முடியும். 1860-களில் இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமையும் விசாரித்து எழுதிய இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பழைய தாலுகா, கிராமம், பட்டய எண் (டிடி நம்பர்) கொடுத்துக் கேட்க வேண்டும். டிடி நம்பர் பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டரிலேயே சர்வே எண்ணுக்கு எதிரில் குறித்திருக்கும். ஃபேர் ரிஜிஸ்டரில் மானியம் கொடுத்தவர் யார், எந்தக் காலத்தில், எந்த ஊழியத்துக்காக, முதலில் பெற்றவர் யார், விசாரணை நாளில் அனுபவித்தவரின் பெயரும் வயதும் என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். கட்டங்கள் அகலம், ஒரு பதிவு இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் ஓடும். நகல் கேட்கும்போது இரண்டு பக்கமும் வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.