மரை ஏறினால் போதுமா? மலைநாட்டு லொறிக்கு ஒயில், டீசல் பில்டர்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் எனக்கு இரண்டு லொறி ஓடுகிறது. ஒன்று பழைய டாடா, கமின்ஸ் 6பிடி எஞ்சின், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிறது. மற்றது இசுசு, 6எச்கே1 எஞ்சின், பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறது. கடையில் ஒரு ஒயில் பில்டரைக் காட்டி, "மரை ஒன்றுதான், விலை மூன்றில் ஒரு பங்கு" என்கிறார்கள். போடலாமா? இரண்டுக்கும் 10,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் மாற்றுகிறேன். காலைக் குளிரில் டாடாவின் ஒயில் லைட் அணையச் சுணங்குகிறது. அதுவும் பில்டர் பிழையா?

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. மரை ஏறும், கெஸ்கட் உட்காரும், ஒயிலும் ஒழுகாது. ஆனால் வெளியே தெரிகிற இந்த மூன்றையும் வைத்து ஒரு பில்டரை எடை போட முடியாது. போன வருஷம் இதே மாதிரி மலிவு பில்டர் ஒன்றையும் கம்பனி பில்டர் ஒன்றையும் மேசையில் வைத்துத் திறந்து பார்த்தேன். (ஹெக்ஸோ பிளேடால் அறுக்காதீர்கள். பிளேடு உதிர்க்கும் இரும்புத் தூளைப் பார்த்து எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு. அதற்கென்று பில்டர் கட்டர் இருக்கிறது.) இரண்டும் வெளியே ஒரே உயரம், ஒரே பருமன். மலிவானதில் கடதாசி மடிப்புகள் விரல் நுழையும் இடைவெளியில் இருந்தன. மேல் மூடியில் ஒரு பக்கம் பசையே படவில்லை. அந்த வழியாக ஒயில் கடதாசியைத் தொடாமலே சுற்றி வந்திருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் பைபாஸ் வால்வு. பில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஒயில் தடித்திருந்தாலோ, எஞ்சின் ஒயில் இல்லாமல் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த வால்வு திறந்து, வடிகட்டாத ஒயிலையே உள்ளே விடும். அழுக்கு ஒயில் போனாலும் பரவாயில்லை, ஒயிலே போகாமல் இருந்தால் பெயரிங் பிடித்துவிடும் என்ற கணக்கு. எத்தனை அழுத்தத்தில் அது திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சிலவற்றில் வால்வு எஞ்சின் பக்கத்திலேயே இருக்கும், சிலவற்றில் பில்டருக்குள். ஒரே மரை, ஒரே அளவு என்று வேறு எஞ்சினின் பில்டரை மாட்டினால், ஏற்றத்தில் முழு லோடோடு ஏறும்போதெல்லாம் வால்வு திறந்தே கிடக்கலாம். டிரைவருக்கு ஒன்றுமே தெரியாது. லைட்டும் எரியாது.

அதனால் விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு பில்டரை ஒதுக்கச் சொல்லவில்லை. பிளீட்கார்ட், டொனால்ட்சன், மான், சகுரா போன்ற பில்டர் கம்பனிக்காரர்கள் எந்த எஞ்சினுக்கு எந்த பில்டர் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். உங்கள் எஞ்சினின் பார்ட் நம்பருக்கு நேரே இருக்கிற பில்டர் லொறிக் கம்பனியின் பெட்டியில் வராவிட்டாலும் தாராளமாகப் போடலாம். கொழும்பில் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போகிறவரிடம் சொல்லி விடும்போது "டாடா ஒயில் பில்டர்" என்று வாயால் சொல்லாமல், அந்த நம்பரைக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். பழைய பில்டரைக் கொடுத்தனுப்புவது நல்லதுதான். ஆனால் போனமுறை மாட்டியதே பிழை என்றால் அதே பிழைதான் திரும்பி வரும்.

பெட்டியில் எழுதியிருக்கும் மைக்ரோன் கணக்கிலும் ஏமாற வேண்டாம். மனிதத் தலைமயிர் சுமார் 70 மைக்ரோன் தடிப்பு. "10 மைக்ரோன்" என்று மட்டும் போட்டிருந்தால் அந்த அளவுத் துகளில் எவ்வளவு பிடிக்கும் என்பது தெரியாது. இரண்டில் ஒன்றைப் பிடித்தாலும் அப்படி எழுதலாம். பீட்டா 75 என்று சேர்த்துப் போட்டிருந்தால் அந்த அளவில் 75 துகள் வந்தால் ஒன்றுதான் தப்பும், அதாவது 98.7 வீதம் பிடிபடும்.

இசுசுவின் டீசல் பில்டரில்தான் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது. அது கொமன் ரெயில் எஞ்சின், அதாவது ஒரே குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் டீசல் எல்லா இன்ஜெக்டருக்கும் பிரிந்து போகும். 1,000 பாருக்கு மேலான அழுத்தத்தில் டீசல் இன்ஜெக்டருக்குள் போகிறது, உள்ளே பாகங்களுக்கிடையே சில மைக்ரோன் இடைவெளிதான். பழைய டாடாவின் பம்ப் கொஞ்சம் தூசியைப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. மிச்சம் பிடித்த பில்டர் காசை வைத்து ஒரு இன்ஜெக்டர்கூட வாங்க முடியாது. புது டீசல் பில்டரை மாட்டும்போது நேரம் மிச்சம் என்று மேலிருந்து டீசல் ஊற்றி நிரப்புகிற பழக்கம் நம் கராஜ்களில் இருக்கிறது. நடு ஓட்டையில் ஊற்றினால் அந்த டீசல் வடிகட்டப்படாமலே நேரே பம்புக்குப் போகும். காலியாக மாட்டி, கைப்பம்பை அடித்துக் காற்றை எடுங்கள். ஐந்து நிமிஷம் கூடப் போகும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக் குளிர் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரால். பகலில் பாதி காலியான டாங்க், இரவில் பனி. உள்ளே இருக்கிற காற்றின் ஈரம் தகரத்தில் துளியாகி டீசலுக்குள் இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் பாரம் என்பதால் அடியில் போய் நிற்கும். மாலையில் லொறியை நிறுத்தும்போதே டாங்கை நிரப்பிவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் வோட்டர் செப்பரேட்டரின் (டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் பில்டர்) அடிக்குமிழைத் திறந்து ஒரு ஜாம் போத்தலில் பிடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் வேறொரு கோடு தெரியும், அதற்குக் கீழே இருப்பது தண்ணீர். கோடு மறைந்து ஒரே நிறமாக வரும்வரை விடுங்கள். சளி மாதிரி கறுப்பாக வந்தால் டாங்கில் கிருமி வளர்ந்திருக்கிறது. 2022 தட்டுப்பாட்டு நாளில் பீப்பாயில் சேர்த்து வைத்த டீசலை ஊற்றிய லொறிகளில் இதை நிறையப் பார்த்தேன். பில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, டாங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

இனி அந்த 10,000 கிலோமீட்டர். உங்கள் கொழுந்து லொறி கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மடுவம் நின்று நிறுவை முடியும்வரை எஞ்சினை அணைக்காமல் நிற்கும். எட்டு மணித்தியாலம் எஞ்சின் ஓடினால் மீட்டரில் 80 கிலோமீட்டர் ஏறினால் பெரிது. 10,000 கிலோமீட்டர் என்றால் 1,000 மணித்தியாலம். மரக்கறி லொறி கினிகத்தேனை இறங்கி அவிசாவளை வழியே போகிறது. மணிக்கு 30 என்று வைத்தாலும் அதே தூரம் 333 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே கிலோமீட்டர் வைத்தால் கொழுந்து லொறியின் ஒயில் மூன்று மடங்கு உழைத்திருக்கும். இந்த மாதிரி வேலைக்கு 250 மணித்தியாலத்தில் ஒயிலையும் பில்டரையும் சேர்த்து மாற்றுவேன். சின்ன கியரில் இழுப்பதும் நின்று உறுமுவதும் ஒயிலில் கரியைச் சேர்க்கும். சாதாரண டீசலான ஓட்டோ டீசலில் உள்ள கந்தகம் ஒயிலை அமிலமாக்கும். சுப்பர் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. எந்த விலை பில்டரும் அமிலத்தைப் பிடிக்காது, துகளைத்தான் பிடிக்கும்.

ஒயில் லைட் விஷயம். குளிர்ந்த காலையில் இரண்டு மூன்று செக்கன் எரிந்தால் கவலை வேண்டாம். அதற்கு மேலே போனால், எஞ்சினும் கடகட என்றால், பில்டருக்குள் ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் இறுகிவிட்டதா என்று பாருங்கள். மலிவு பில்டரில் சூட்டுக்கு அது முதலில் இறுகும். புது பில்டர் போட்டும் சுணங்கினால் ஒயில் தடிப்பு சரியா, அழுத்தம் எவ்வளவு என்று மீட்டர் வைத்து அளக்க வேண்டும். அதுவரை ஸ்டார்ட் ஆனவுடன் எக்ஸலேட்டரை மிதிக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லுங்கள்.

மாட்டும்போது பழைய கெஸ்கட் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இரண்டு கெஸ்கட் சேர்ந்தால் ஏற்றத்தில் ஒயில் பீய்ச்சிவிடும். புதிய கெஸ்கட்டில் ஒயில் தடவி, அது தொட்ட பிறகு பில்டரில் எழுதியபடி, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே இறுக்குங்கள். டாடாவில் மணித்தியால மீட்டர் இருக்காது. ஒன்று வாங்கி மாட்டும்வரை, மாற்றிய திகதியையும் 250 மணித்தியாலம் எந்தக் கிழமையில் முடியும் என்பதையும் வெள்ளைப் பெயின்டால் பில்டரின் மேலேயே எழுதிவிடுங்கள், கிளீனர் பையன் தண்ணீர் வடிக்கக் குனியும்போது அவன் கண்ணில் படும்.