தோளில் வந்தமரும் மைனா

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐந்து வாரங்களுக்கு முன் அடித்த பெருங்காற்றில் எங்கள் வீட்டருகே இருந்த மரத்தின் பொந்துக்கிளை முறிந்து விழுந்தது. கீழே இரண்டு மைனாக் குஞ்சுகள் கிடந்தன. பெரிய மைனா ஒன்று பக்கத்திலேயே இறந்து கிடந்தது. குஞ்சுகளுக்குக் கண் அப்போதுதான் திறந்திருந்தது, உடம்பெங்கும் முள் முள்ளாக இறகு முளைத்திருந்தது. இரண்டாம் நாள் பால் புகட்டும்போதே ஒன்று இறந்துவிட்டது. மற்றொன்று பிழைத்து இப்போது அறைக்குள் பறக்கிறது. என் தோளில் அமர்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் தோளிலும் அமர்கிறது. கையைக் கண்டால் இறக்கையை நடுக்கிக்கொண்டு வாயைத் திறக்கிறது. சென்ற வாரம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சன்னலைத் திறந்து விட்டேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. எங்களோடு இருப்பதே அதன் விருப்பம் என்றுதானே பொருள்? மனிதக் கை பட்ட குஞ்சை அதன் இனம் சேர்த்துக்கொள்ளாது என்றும் சொல்கிறார்கள். விடுவது கொடுமையா, வைத்திருப்பது கொடுமையா?

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடத்தான் வேண்டும், ஆனால் இன்றைக்கு வேண்டாம், சன்னல் வழியாகவும் வேண்டாம்.

அது திரும்பி வந்ததை நீங்கள் விருப்பம் என்று எடுத்துக்கொண்டது இயல்புதான். பறவையின் வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும். மைனாக் குஞ்சு பொரித்த 22 முதல் 27 நாட்களுக்குள் கூட்டை விட்டு வெளியே வருகிறது. வந்த பிறகும் சில வாரங்கள் பெற்றோரின் பின்னாலேயே தரையில் ஓடி, இறக்கையை நடுக்கி, வாயைப் பிளந்து இரை கேட்கிறது. உங்கள் கையைப் பார்த்து அது செய்வதும் இதையேதான். அதற்கு இப்போது ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். வெளியில் வளர்ந்திருந்தாலும் இந்த வயதில் அது குடும்பத்தை விட்டு முழுதாகப் பிரிந்திருக்காது. பசித்தால் இரை கிடைக்கும் இடம் என்று அதற்குத் தெரிந்தது உலகத்தில் ஒன்றே ஒன்று. அந்த இடத்துக்கு வந்தது. இரண்டு இடங்களை அறிந்த பறவை அவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் அதை விருப்பம் எனலாம். இதற்கு அந்த இரண்டாவது இடத்தை இன்னும் யாரும் காட்டவில்லை.

கை பட்ட குஞ்சை இனம் ஒதுக்கும் என்பதில் உண்மை இல்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கையால் எடுத்து மீண்டும் கூட்டில் வைத்தால், பெற்றோர் வழக்கம்போல் வந்து ஊட்டுகின்றன; மனித வாசனையை முன்னிட்டு அவை குஞ்சைக் கைவிடுவதில்லை. இந்த நம்பிக்கையால் விளைந்த தீங்கு ஒன்று உண்டு: திருப்பி வைத்திருக்கக்கூடிய எத்தனையோ குஞ்சுகள் இதை நம்பியதாலேயே வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இறகெல்லாம் மூடி, வால் மட்டும் குட்டையாக, தரையில் தத்திக்கொண்டிருக்கும் குஞ்சு பெரும்பாலும் அநாதை இல்லை. பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது, பெற்றோர் அருகில் எங்கோ இருந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் குஞ்சுகள் அந்த வயதை எட்டாதவை. ஒரு பெரிய பறவை இறந்தும் கிடந்தது. ஆயினும் மைனாவில் ஆண், பெண் இரண்டும் ஊட்டுபவை என்பதால், ஒரு பெட்டியில் குஞ்சுகளை வைத்து அதே மரத்தில் கட்டித் தொலைவிலிருந்து சில மணி நேரம் கவனித்திருந்தால் இணைப்பறவை வந்திருக்க வாய்ப்பு இருந்தது. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தப் பதிலைப் படிப்பவர்களில் யாருக்காவது நாளை இந்நிலை வரலாம்.

இறந்துபோன குஞ்சைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அதனாலேயே அது உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைகளுக்கு இல்லை. ஆனால் அன்று கொன்றது பாலின் தன்மையைவிட அது ஊற்றப்பட்ட விதமாகவே இருக்கும். குஞ்சு வாயைப் பிளக்கும்போது உற்றுப் பாருங்கள்: நாக்கு தொடங்கும் இடத்தில், அதற்குச் சற்றுப் பின்னால், சிறு பிளவு ஒன்று திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். நாம் விடும் ஒரு சொட்டு நேரே நுரையீரலுக்குள் போய்விடும். பதினைந்து வயதில் நான் ஒரு சிட்டுக்குருவிக் குஞ்சுக்குச் சொட்டுக்குழாயால் தண்ணீர் கொடுத்தேன். அது தலையை ஒருமுறை உதறியது. நாசித்துளையில் கடுகளவு குமிழி ஒன்று வந்து உடைந்தது. பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாகத்தால் செத்துவிட்டது, இன்னும் சீக்கிரமாகக் கொடுத்திருக்க வேண்டும் என்றே பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டில் இருக்கும் இத்தகைய குஞ்சுக்குத் தண்ணீர் தனியே தேவையில்லை, இரையின் ஈரமே போதும் என்பது பின்னால்தான் தெரிந்தது.  

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது தோள்தான். உங்கள் தோளில் அமர்வதைவிட, வருகிறவர் போகிறவர் தோளிலெல்லாம் அமர்வது. குஞ்சு மனிதரைத் தன் இனமாக எண்ணிவிடுவதை ஆஸ்திரிய விலங்கியலாளர் கான்ராட் லோரன்ஸ் 1930களில் வாத்துக் குஞ்சுகளைக் கொண்டு விரிவாக விளக்கினார். பொரித்து வெளிவந்த குஞ்சு முதலில் கண்ட அசையும் உருவத்தையே தாயாக மனத்தில் பதித்துக்கொண்டு அதன் பின்னால் நடக்கிறது. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். மைனாவைப் போலக் கண் மூடிப் பிறக்கும் பறவைகளில் இந்தப் பதிவு கண் திறந்த பிறகு மெதுவாக நடக்கிறது. இனம் எது, இணை எது என்னும் அறிவும் அதனோடு சேர்ந்தே உருவாகிறது. லோரன்ஸ் கையால் வளர்த்த ஜாக்டா என்னும் சிறு காக்கை பருவத்துக்கு வந்தபோது அவரையே இணையாகக் கருதி, புழுக்களை மென்று அவருடைய காதுக்குள் ஊட்ட முயன்றது. படிக்கும்போது சிரிப்பு வரும். அந்தக் காக்கையின் பக்கமிருந்து பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இதை நன்கு அறிந்தவர்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்பதற்குக் கலிபோர்னியக் காண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகு ஒரு சான்று. 1982-இல் உலகத்தில் அவ்வினத்தில் 22 மட்டுமே எஞ்சியிருந்தன. அவற்றைப் பெருக்க முனைந்தவர்கள், கழுகின் தலையைப் போலவே செய்த கைப்பொம்மையை மாட்டிக்கொண்டு, தங்கள் முகம் தெரியாமல் மறைவிலிருந்து குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். நீங்கள் பொம்மை செய்ய வேண்டியதில்லை. கையை மறைத்தால் போதும். நாளையிலிருந்து கையால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு, இரையைத் தட்டில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பேச்சு, சீட்டி, பெயர் சொல்லி அழைத்தல் ஒன்றும் வேண்டாம். முதல் இரண்டு நாள் கத்தும். எடை பார்க்கும் சிறு தராசு இருந்தால் தினமும் காலையில் நிறுத்துப் பாருங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் மட்டும் ஒரு வேளை ஊட்டலாம். இறங்காவிட்டால் அந்தக் கத்தலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். உங்களுக்கு இதுவே கடினமான பகுதியாக இருக்கும்.

பயம் இல்லாமல் வளர்ந்திருக்கிறது என்பது அடுத்த சிக்கல். பறவையின் பயத்தில் ஒரு பகுதி பிறவியிலேயே வருகிறது, இன்னொரு பகுதியை மூத்த பறவைகள் கற்றுக்கொடுக்கின்றன. 1978-இல் எபர்ஹார்ட் குரியோவும் உடன் ஆய்வாளர்களும் கரும்பறவைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பறவை ஆந்தையைக் கண்டு அபயக்குரல் எழுப்பும். அதைப் பார்க்கும் அனுபவமற்ற பறவைக்கோ ஆந்தை தெரியாதபடி மறைத்து, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் காட்டினார்கள். அது முதல் புட்டியைக் கண்டாலே அந்தப் பறவையும் குரல் எழுப்பித் தாக்க முனைந்தது. புட்டியைக் கண்டு பயப்படக் கற்கிற உயிர், வேறு மைனாக்கள் கத்துவதைப் பார்த்துப் பூனைக்கும் பயப்படக் கற்கும். அந்த மைனாக்களை அது பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே அறைக்குள் இருக்கும் நிலையிலிருந்து நேரே வானத்துக்கு அனுப்பாதீர்கள். பூனையோ எலியோ நுழைய முடியாத, உள்ளே சில அடி தூரமாவது பறக்க இடமுள்ள வலைக்கூண்டு ஒன்றை, மற்ற மைனாக்கள் இரை பொறுக்க வரும் இடத்துக்கு அருகில், பாதி நிழலும் பாதி வெயிலுமாக அமையுங்கள். குளிக்க ஆழமற்ற தண்ணீர்த் தட்டு வையுங்கள். நனைந்து, கோதி, உலர்த்தப் பழகினால்தான் மழையில் இறகு தாங்கும். மண்ணையும் சருகையும் பரப்பி அதற்குள் உயிருள்ள பூச்சிகளை விடுங்கள். அலகை மூடியபடி மண்ணில் குத்தி, உள்ளே விரித்துப் பூச்சியைத் தேடுவது மைனா வகைகளின் தனித்திறன். தட்டில் தின்று வளர்ந்தது அதைச் செய்து பார்க்கவே சில நாள் எடுக்கும். இரண்டு வாரம் இப்படி இருந்து, தானே பிடித்துத் தின்று, உங்களைக் கண்டால் விலகும் நிலைக்கு வந்தபின், மழையும் காற்றும் இல்லாத ஒரு நாள் காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுங்கள். மாலையில் விடக்கூடாது. மைனாக்கள் கூட்டமாக ஒரே மரத்தில் அடைபவை; அந்த மரத்தைக் கண்டுபிடிக்க அதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும். கூண்டில் இரை வைப்பதை மேலும் இரண்டு வாரமாவது தொடருங்கள், கதவு திறந்தே இருக்கட்டும்.

உங்கள் பகுதியில் உரிமம் பெற்ற பறவை மறுவாழ்வு மையம் இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன் அங்கே கேளுங்கள். காட்டுப்பறவையை வீட்டில் வைத்திருப்பது பல நாடுகளில் குற்றம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக, அங்கே இதே வயதில் வேறு மைனாக்கள் இருக்கக்கூடும். ஒரு மைனாவுக்கு இன்னொரு மைனா கற்றுக்கொடுப்பதை நாம் எவ்வளவு முயன்றாலும் கற்றுக்கொடுக்க முடியாது.

கூண்டுக்கு மாற்றும் நாளில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். வாலிறகுகளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், சிலவற்றில் குறுக்கே மெல்லிய வெளிறிய கோடுகள் தெரியலாம். இறகு வளரும் நாட்களில் பட்டினியோ கடும் அதிர்ச்சியோ நேர்ந்தால் அவ்விடத்தில் இழை நலிந்து இப்படிக் கோடு விழும்; பின்னால் இறகு அங்கேயே ஒடியும். காற்றடித்த அந்த முதல் வாரத்தின் தடம் உங்கள் மைனாவின் வாலில் இருக்கக்கூடும். வாலில் மட்டும் ஓரிரு கோடுகள் என்றால் பாதகமில்லை. சிறகின் நீண்ட இறகுகளிலும் வரிசையாக இருந்தால், கதவைத் திறக்கும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.